தனியே எடுத்து வைத்த தேங்காய்: நிரல் எழுதுதல் எங்கே தொடங்குகிறது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பு எடுக்கிறேன். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் பஸ் பிடித்து வருவார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ‘மிஸ்’, கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘டீச்சர்’. பாடப்புத்தகமும் அப்படித்தான், பாதிக்குப் பாதி. கேரளத்தில் மேல்நிலை வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். இரண்டுமே நிரல் (ப்ரோகிராம்) எழுதும் மொழிகள்.

ஒருநாள் ஒரே பெஞ்சில் இரண்டு பையன்களுக்குள் வாக்குவாதம். “பைத்தான்தான்டா ஈஸி” என்கிறான் ஒருவன். “சி பிளஸ் பிளஸ் தெரிஞ்சாத்தான் அது ப்ரோகிராமிங்” என்கிறான் மற்றவன். நான் போர்டில் ஐந்து எண்களை எழுதினேன்: 7, 12, 9, 12, 5. பால் சங்கத்தில் ஒரு காலையில் ஐந்து பேர் ஊற்றிய பால், லிட்டரில். “இதில் இரண்டாவது அதிகம் எவ்வளவு? அதைக் கண்டுபிடிக்க ஒரு ப்ரோகிராம் எழுதுங்க. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம்.”

ஐந்து நிமிடம் ஆயிற்று. சி பிளஸ் பிளஸ் பையன் எல்லா நிரலுக்கும் பொதுவாக வரும் தொடக்க வரிகளை அழகாக எழுதிவிட்டு நின்றிருந்தான். பைத்தான் பையன் எழுதவே தொடங்கவில்லை. நிமிர்ந்து கேட்டான்: “மிஸ், இது எந்தச் சாப்டர்ல வருது?”

இருவரும் நன்றாக மதிப்பெண் வாங்குகிறவர்கள். பகா எண் கண்டுபிடிக்கும் நிரலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவார்கள். குறை அவர்களிடம் இல்லை. நிரல் எழுதுவது என்றால் ஒரு மொழியின் இலக்கணத்தையும் அதில் எழுதப்பட்ட இருபது முப்பது நிரல்களையும் நெட்டுருப் போடுவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நான் படித்தபோதும் ரெக்கார்டு நோட்டில் நிரல்களைப் பார்த்து எழுதித்தான் பாஸ் ஆனேன். அது எவ்வளவு பெரிய இழப்பு என்று பாடம் நடத்த வந்த பிறகுதான் புரிந்தது.

வழி தெரியாதவனுக்கு மொழி உதவாது

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது சுலபம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம் என்று இரண்டிலும் புழங்குகிறவர்கள் அவர்கள். வெளியூர்க்காரர் ஒருவர் முச்சந்தியில் வண்டியை நிறுத்தி மூலத்தரை அணைக்கட்டுக்கு வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழி தெரிந்திருந்தால் தமிழிலும் சொல்லலாம், மலையாளத்திலும் சொல்லலாம். தெரியாவிட்டால் எந்த மொழியிலும் சொல்ல முடியாது. அணைக்கட்டுக்குப் போகும் வழிதான் நெறிமுறை. அதைச் சொல்லும் மொழிதான் பைத்தானோ சி பிளஸ் பிளஸ்ஸோ.

நெறிமுறை என்பது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிகளின் வரிசை. ஒவ்வொரு படியும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும், வேலை எப்போதாவது முடியவும் வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களில் வரும் அல்காரிதம் இதுதான். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து அந்தச் சொல் பிறந்தது. கம்ப்யூட்டருக்குப் பல நூறு ஆண்டு மூத்த சொல் அது. அந்த நெறிமுறையைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழி ஒன்றில் எழுதினால் அது நிரல், அதாவது ப்ரோகிராம்.

வழி சொல்வதோடு இதை ஒப்பிடுவது ஓர் எல்லை வரைக்கும்தான் சரி. “நேரா போயி, ஆலமரத்துக்கிட்ட திரும்புங்க” என்றால் மனிதர் சமாளித்துப் போய்விடுவார். மரத்தை வெட்டியிருந்தால் இன்னொருவரைக் கேட்பார். கம்ப்யூட்டர் யாரையும் கேட்காது.

சமையலறையில் அம்மா சொல்கிறார்: “குக்கர் மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சிரு கண்ணு.” அன்றைக்குப் பார்த்து கேஸ்கட் தளர்ந்து ஆவி ஓரமாக ஒழுகுகிறது, விசிலே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்ததும் பிள்ளை தானாகவே அணைத்துவிடும். அம்மா அதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அதே கட்டளையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், மூன்றாவது விசிலுக்காகப் பருப்பு கரியான பிறகும் காத்திருக்கும். முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் இந்த நிலைக்கு முடிவிலா மடக்கு என்று பெயர். போனில் ஓர் ஆப் உறைந்து நின்றால், சில சமயம் அதன் உள்ளே நடப்பது இதுதான்.

சுருக்கமாக: நெறிமுறை என்பது வழி, நிரல் என்பது அந்த வழியை எழுதிய தாள். கேட்பவர் இட்டு நிரப்பிக்கொள்வார் என்று நாம் பேச்சில் விட்டுவிடும் எல்லாவற்றையும் அந்தத் தாளில் நாமே எழுத வேண்டும்.

காய் எண்ணுகிறவர் செய்யும் வேலை

எங்கள் சித்தூர் தாலுக்கா முழுக்கத் தென்னந்தோப்பு. இப்போது பல இடத்தில் எடை போட்டு வாங்குகிறார்கள் என்றாலும், எண்ணிக் கொடுக்கும் வழக்கம் போய்விடவில்லை. எண்ணுகிறவர் குனிந்து குவியலிலிருந்து காயை எடுத்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டே வருவார். வாய் எண்ணிக்கொண்டிருக்கும். முதல் காயை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று தொடங்குகிறவர்களும் உண்டு. நூறு ஆனதும் ஒரு காயைத் தனியே, கொஞ்சம் தள்ளி வைப்பார். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார். குவியல் தீர்ந்ததும் தள்ளி வைத்த காய்களை எண்ணி, நூறால் பெருக்கி, கடைசியில் வாயில் நின்ற எண்ணைக் கூட்டுவார். அவ்வளவுதான் கணக்கு.

பிள்ளைகளை ஒரு தோப்புக்கு அழைத்துப்போய் இதைப் பார்க்கச் சொன்னேன். பிறகு வகுப்பில், அவர் செய்ததைத் தமிழிலேயே படிப்படியாக எழுதினோம். விளக்கத்துக்காக ஒவ்வொரு காயாக எடுப்பதாக வைத்துக்கொண்டோம்:

கைக்கணக்கு = 0
ஒதுக்கியது = 0
குவியலில் காய் இருக்கும் வரை:
    ஒரு காயை எடு
    கைக்கணக்கு = கைக்கணக்கு + 1
    கைக்கணக்கு 100 ஆகிவிட்டால்:
        அந்தக் காயைத் தனியே வை
        ஒதுக்கியது = ஒதுக்கியது + 1
        கைக்கணக்கு = 0
மொத்தம் = ஒதுக்கியது × 100 + கைக்கணக்கு

பள்ளிப் பாடத்தில் வரும் பெரும்பாலான நிரல்களுக்கு வேண்டிய உறுப்புகள் இந்தப் பத்து வரியில் வந்துவிட்டன.

வாயில் ஓடும் எண்ணும், தள்ளி வைத்த காய்களும்தான் மாறி. மாறி என்பது மதிப்பு ஒன்றை நினைவில் வைத்திருக்கும், பெயருள்ள ஓர் இடம். வேலை நடக்க நடக்க உள்ளே இருக்கும் மதிப்பு மாறும், பெயர் மாறாது. ‘இருக்கும் வரை’ என்பது மடக்கு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை அது, பிள்ளைகள் லூப் என்பார்கள். ‘ஆகிவிட்டால்’ என்பது நிபந்தனை. உண்மையா பொய்யா என்று பார்த்து, உண்மையானால் மட்டும் கீழே உள்ளதைச் செய்யச் சொல்வது.

சில வரிகள் உள்ளே தள்ளி எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அந்த இடைவெளி காட்டுகிறது. பைத்தானிலும் அந்த இடைவெளிதான் கணக்கு. சி பிளஸ் பிளஸ்ஸில் அதே வேலையை வளைந்த அடைப்புக்குறிகள் செய்யும். பெஞ்சில் சண்டை போட்ட இருவருக்கும் இடையே இந்த இடத்தில் இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தக் காய் கணக்கில் சேருமா?

அன்றைக்குத் தோப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. “ஏனுங்க, தனியா வெக்கற காய் நூறுல சேர்ந்ததுங்களா, சேராததுங்களா?”

எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “நூறாவது காயத்தான் அம்மிணி தள்ளி வெக்கறது. அதுவும் சேர்ந்ததுதான்.” பக்கத்தில் நின்ற இன்னொருவர் உடனே, “எங்க தோப்புல நூறு போட்டுட்டு மேல ஒண்ணு எடுத்து வெப்போம்” என்றார்.

இரண்டுமே சரியான வழக்கம்தான். கலந்துவிட்டால்தான் தப்பு. குவியலில் 1,247 காய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் வழியில் 12 காய் தனியே நிற்கும், வாயில் 47. மொத்தம் 1,200 + 47 = 1,247. இரண்டாமவர் வழியில் ஒவ்வொரு சுற்றுக்கும் 101 காய் போகும். 12 சுற்றில் 1,212 காய் தீர்ந்து, வாயில் 35 நிற்கும். இங்கே தள்ளி வைத்த 12 காய்களையும் தனியாகக் கூட்ட வேண்டும்: 1,200 + 35 + 12. அதை மறந்து முதலாமவர் சூத்திரத்தைப் போட்டால் 1,235 தான் வரும். பன்னிரண்டு காய் காற்றில் போயிற்று.

நிரல் எழுதுகிறவர்கள் வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நிற்கும் பிழை இது. ஒன்று கூடுதல் அல்லது ஒன்று குறைவு. இலக்கணப் பிழை இருந்தால் கம்ப்யூட்டரே சிவப்பு எழுத்தில் கத்தும். இந்த மாதிரி எண்ணப் பிழைக்குக் கத்தாது. நிரல் நன்றாக ஓடும், தப்பான விடையைத் தயங்காமல் தரும். அந்தப் பெண் கேட்டாளே ஒரு கேள்வி, அதைக் கேட்கத் தெரிவதுதான் சிக்கல் தீர்த்தல் என்று நாம் பெரிய சொல்லால் சொல்லும் விஷயத்தின் பாதி.

‘ஏஐ கிட்ட கேட்டா அதுவே எழுதித் தருமே, இதையெல்லாம் எதுக்குப் படிக்கணும்’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். எழுதித் தரும். ஆனால் தள்ளி வைத்த காய் கணக்கில் சேருமா சேராதா என்பது தோப்புக்குத் தோப்பு வேறு. அதை நாம் சொல்ல வேண்டும், வந்த விடை சரியா என்றும் நாம்தான் பார்க்க வேண்டும்.

சமக்குறி படுத்தும் பாடு

‘கைக்கணக்கு = கைக்கணக்கு + 1’ என்ற வரியில் பாதி வகுப்பு தடுக்கி விழும். கணக்குப் பாடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து சமன்பாடு படித்த பிள்ளைக்கு இது அபத்தமாகத்தான் படும். ஓர் எண் தன்னைவிட ஒன்று பெரிய எண்ணுக்கு எப்படிச் சமமாகும்? அவர்கள் திகைப்பது நியாயம்தான். விளக்காமல் ‘அது அப்படித்தான், எழுதிக்கோ’ என்று கடந்துபோவதில்தான் பல பிள்ளைகளை இழக்கிறோம்.

இரட்டைக் கோடாகச் சமக்குறியை 1557இல் எழுதிக் காட்டியவர் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக் கணிதர். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பது அவர் சொன்ன பொருள். நானூறு ஆண்டு கழித்து, 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி அதே குறியை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த மதிப்பை இடப்பக்கத்துப் பெயரில் வை. பின்னால் வந்த பைத்தானிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் அதே பொருள்தான் நிலைத்தது. சமமா என்று கேட்பதற்கு இரண்டு சமக்குறிகளை அடுத்தடுத்துப் போட வேண்டும்.

ஆகவே அந்த வரியை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்வேன். இப்போது கைக்கணக்கில் 46 இருக்கிறது. அதோடு 1 கூட்டினால் 47. அதைக் கைக்கணக்கிலேயே திரும்ப வை. பழைய 46 போய்விட்டது. எண்ணுகிறவர் ‘நாற்பத்தேழு’ என்று வாய்விட்டுச் சொன்னதும் அவர் வாயில் நாற்பத்தாறு இல்லை அல்லவா, அது போலத்தான்.

கம்ப்யூட்டருக்குள் இது எங்கே நடக்கிறது? அதன் நினைவகம் எண் போட்ட சின்னச் சின்ன அறைகளின் நீண்ட வரிசை. ஓர் அறையின் கொள்ளளவு ஒரு பைட், அதாவது எட்டு 0 அல்லது 1. எட்டு ஜிபி ரேம் உள்ள போனில் ஏறத்தாழ 800 கோடி அறைகள். நாம் ‘கைக்கணக்கு’ என்று பெயர் வைத்ததும் அந்தப் பெயர் ஏதோ சில அறைகளோடு இணைக்கப்படுகிறது. மொழிக்கு மொழி இதில் நுணுக்கம் வேறுபடும், தொடங்குகிறவருக்கு இவ்வளவு போதும்.

கவிழ்த்த சீட்டு

பால் கணக்குக்கு வருவோம். முதலில் சுலபமான கேள்வி: மிக அதிகம் எவ்வளவு? “பார்த்தாலே தெரியுதே டீச்சர், 12” என்றார்கள். பார்த்தாலே தெரியும் என்பதுதான் தடை. நம் கண் ஐந்து எண்களையும் ஒரே வீச்சில் அள்ளிவிடுகிறது. ஐயாயிரம் எண்கள் இருந்தால் அள்ளாது. கம்ப்யூட்டர் இந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும்.

ஆகவே எண்களைச் சீட்டுகளில் எழுதி மேசையில் கவிழ்த்து வைத்தேன். விதி ஒன்றுதான்: ஒரு சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம், கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு பையன் செய்துகாட்டினான், மற்றவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள். முதல் சீட்டு 7. இரண்டாவது 12. கவிழ்த்தான். மூன்றாவது 9, கவிழ்த்தான். “இப்ப மனசுல என்னடா வெச்சிருக்கே?” என்று கேட்டேன். “12 டீச்சர். இதுவரைக்கும் பார்த்ததுல பெருசு.”

நெறிமுறை முழுவதும் அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. ‘இதுவரை பார்த்ததில் பெரியது’ என்று ஒரு மாறி. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நிபந்தனை: இது அதைவிடப் பெரியதா? ஆமென்றால் மாற்றிக்கொள். ஒவ்வொரு சீட்டைக் கவிழ்க்கும்போதும் ‘இதுவரை பார்த்ததில் இதுதான் பெரியது’ என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கிறது. கடைசிச் சீட்டுக்குப் பிறகு ‘இதுவரை’ என்றால் ‘எல்லாவற்றிலும்’ என்றாகிவிடும். நெறிமுறை ஏன் சரி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

மாறியை எந்த எண்ணில் தொடங்குவது? பெரும்பாலோர் 0 என்றார்கள். பாலுக்கு அது ஓடும், யாரும் மைனஸ் லிட்டர் ஊற்றுவதில்லை. ஆனால் மூணாறில் சில குளிர்காலங்களில் தேயிலையைக் கருக்கும் உறைபனி இறங்கும், வெப்பநிலை சைபருக்குக் கீழே போகும். மூன்று நாள் அளவு -3, -1, -2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0இல் தொடங்கினால் எந்தச் சீட்டும் 0ஐவிடப் பெரியதில்லை, விடை 0 என்று வரும். அந்த மூன்று நாளில் 0 வெப்பநிலையே இல்லை! முதல் சீட்டின் எண்ணிலேயே தொடங்குவதுதான் பாதுகாப்பு.

சுருக்கமாக: மாறி, நிபந்தனை, மடக்கு மூன்றும் கருவிகள். எதை நினைவில் வைக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்வதே வேலை.

வகுப்பில் நான் மாற்றிக்கொண்டவை

இப்போதெல்லாம் கீபோர்டைத் தொடுவதற்கு முன் படிகளைத் தமிழிலோ மலையாளத்திலோ நோட்டில் எழுதச் சொல்கிறேன். நிரலை ஓட்டுவதற்கு முன் விடை என்ன வரும் என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். விடை வேறாக வந்தால், ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அதில் என்ன இருக்கிறது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வர வேண்டும். தாளில் ஓட்டிப் பார்த்தல் என்று இதைச் சொல்வோம். நேரம் பிடிக்கும். ஆனால் தன் பிழையைத் தானே பிடிக்கும் பிள்ளை இதில்தான் உருவாகிறது.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் நல்லது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்டது, காசு வேண்டாம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடொன்று பொருந்துகிற இடத்தில் மட்டுமே ஒட்டும். அரைப்புள்ளி விட்டுப்போயிற்று என்ற கவலை இல்லாததால் குழந்தையின் கவனம் முழுவதும் படிகளில் நிற்கிறது.

இரண்டாவது பெரியது

அந்த இரண்டு பையன்களிடமும் பழைய கணக்கை மறுபடி கொடுத்தேன். நோட்டில் இரண்டு கட்டம் போட்டார்கள்: பெரியது, அடுத்தது. பெரியதில் 7 வைத்தார்கள், அடுத்தது காலி. 12 வந்தது. ஒருவன் எழுதினான்: பெரியது = 12, பிறகு அடுத்தது = பெரியது. தாளில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு கட்டத்திலும் 12 நின்றது. “7 எங்கடா போச்சு?” என்று மற்றவன் கேட்டான். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு இரண்டு வரிகளையும் இடம் மாற்றினான். முதலில் அடுத்தது = பெரியது, பிறகு பெரியது = 12. இப்போது அடுத்ததில் 7, பெரியதில் 12. வரிசை மாறினால் பொருள் மாறும் என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். அன்று அந்த அழித்த பென்சில் கோடு சொன்னது.

9 வந்தது. பெரியதைவிடப் பெரியதில்லை என்று தள்ளிவிடப் பார்த்தார்கள். பிறகு, பெரியதில் சேராவிட்டாலும் அடுத்ததைவிடப் பெரியதா, அல்லது அடுத்தது காலியா என்று பார்க்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை சேர்த்தார்கள். அடுத்தது = 9.

நான்காவது சீட்டு, மறுபடி 12. 12ஐவிடப் பெரியதில்லை. 9ஐவிடப் பெரியது. அடுத்தது = 12 என்று எழுதப் போனவன் பென்சிலை நிறுத்தினான். எந்தச் சாப்டர் என்று கேட்டவன் அவன்தான்.

“மிஸ், ரெண்டு பேர் 12 ஊத்தியிருக்காங்க. அப்ப ரெண்டாவது அதிகம்னா 12ஆ, 9ஆ?”

நான் பதில் சொல்வதற்குள் மற்றவன், “முதல் ரெண்டு பேருக்குப் பரிசுன்னா 12டா. எத்தனை லிட்டர்னு மட்டும் பார்த்தா 9” என்றான். இருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பால் சங்கத்துச் செயலாளரிடம் கேட்டு வரச் சொன்னேன்.